சாவு வீட்டுக்கு நான் கூட்டிப்போனவர்கள்

அந்த வீடியோவில் என் முதுகு தெரிகிறது. பச்சைச் சுங்குடிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. என் முகம் இல்லை. என் தோளில் தலையைச் சாய்த்து அழுகிற பெண்ணின் முகம்தான் முழுசாக இருக்கிறது. அவள் சொல்லி அழுத ஒவ்வொரு வார்த்தையையும் ஆங்கிலத்தில் மாற்றிக் கீழே ஓடவிட்டிருந்தான், அதை எடுத்தவன். நடுநடுவே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வேறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. என் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், எனக்கு அது போதும்.

கோபம் ஆறியபிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். மாதக்கணக்கில் இருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் தி.நகர்க்காரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவராகச் சேர்ந்தவர். என் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதை நெருங்கும் ஒருத்தியை வேறு எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சரின் உறவுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். மயிலாப்பூரைச் சுற்றிக்காட்ட முடியுமா என்று கேட்டார்கள். காட்டினேன். அவர்கள் இன்னொருவரிடம் சொன்னார்கள், அவர் இன்னும் நாலு பேரிடம் சொன்னார். இப்படித்தான் ஊரை நடந்து சுற்றிக்காட்டும் இந்த நடை எனக்கு வேலையானது. காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் கூடுவோம். மாட வீதிகளைச் சுற்றுவோம். காய்கறிக் கடைகள், பூக்கட்டுகிறவர்கள், பழைய வீடுகள். எட்டரைக்கு ஒரு மெஸ்ஸில் இட்லி, காபி. அதோடு முடிந்துவிடும்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்புறம் எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வந்ததும் போனை நீட்டிப் பிடிக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். வடக்கு மாட வீதியில் ஒரு அம்மா கோலம் போட்டு முடித்துவிட்டு உள்ளே போகப் பார்த்தார். என்னோடு வந்த ஒருத்தி, வீடியோ சரியாக வரவில்லை, அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும். அவர் கையிலிருந்த கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்தவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

இன்னொரு நாள், தி.நகரையும் காட்டுங்கள் என்று கேட்டவர்களை ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பின்பக்கப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப்போனேன். அங்கே சேல்ஸ் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் படியில் வரிசையாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். நாள் பூராவும் நின்ற கால்களை அந்த இருபது நிமிஷம்தான் நீட்ட முடியும். கூட வந்த ஒருவர் குனிந்து, ஒரு பெண் வாயில் சோற்றை வைக்கிற நேரத்தில் முகத்துக்கு நேராகப் படம் எடுத்தார். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என் அப்பாவும் இதே மாதிரிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். எனக்கு உள்ளே கொதித்தது. வெளியே சிரித்தபடி, "ப்ளீஸ் சார், போதும்" என்றேன்.

நான் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். இணையத்தில் ஒருவர் குறையாக இரண்டு வரி எழுதிப் போட்டால் அடுத்த மாதம் ஆள் வராது. அந்தப் பயம். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தச் சிரிப்பில் ஆரம்பிக்கிறது.

மயிலாப்பூர் எல்லாரும் பார்த்தது, வேறு ஏதாவது நிஜமாகக் காட்டுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இவர்கள் நிஜம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. அடுத்தவன் கஷ்டப்படுகிற இடம்தான் இவர்களுக்கு நிஜம். புரிந்தும், நான் ஊரூர் குப்பத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பு அது. அங்கே எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். மணலில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, பலகையும் கத்தியுமாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு எது நல்ல மீன், எது ஐஸில் கிடந்த மீன் என்று கற்றுக்கொடுக்கவெல்லாம் மாட்டாள். "நீ கம்முனு இரு, நா போட்டுத் தரேன்" என்பாள். போட்டுத் தருவது எப்போதும் நன்றாக இருக்கும். அவள் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். நான் போனால் வலையைப் பிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மகள் நர்ஸிங் படித்து அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.

ஆட்களைக் கூட்டிவரட்டுமா என்று அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். இட்டுக்கினு வா, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மீனையும் வாங்கினால் நல்லது என்றாள். அவள் சம்மதித்தது மீனைப் பார்க்க வருகிறவர்களுக்கு. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கருவாட்டைப் படம் எடுத்தார்கள். காயப்போட்ட வலைமேல் செருப்புக் காலோடு ஏறி நின்றார்கள். காலித் தண்ணீர் பாட்டில்களைப் படகுக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு முறை நான் திரும்பிப் போய் அவற்றைப் பொறுக்கியிருக்கிறேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, பெங்களூரிலிருந்து மூன்று பெண்கள், அப்புறம் அவன். முப்பது வயது இருக்கும். நல்ல தமிழ் பேசினான். ஊர் ஊராகப் போய் வீடியோ போடுவதுதான் தன் வேலை என்றான். தமிழ்ப் பையன், பக்குவமாக நடந்துகொள்வான் என்று நினைத்தேன்.

முதலில் அடையாறு முகத்துவாரத்துக்குப் போனோம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல்திட்டு இருக்கும். குளிர்காலத்தில் உள்ளானும் ஆலாவும் கூட்டமாக வந்து இறங்கும். எங்கெங்கிருந்தோ பறந்து வந்து களைத்துப்போய் இரை தேடுகிற பறவைகள். அவற்றைத் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் பையிலிருந்து ஒரு சின்ன ட்ரோனை எடுத்துப் பறக்கவிட்டான். திட்டு முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. பறவைகள் சுற்றிச் சுற்றிக் கத்தின. இறங்க வந்தவை மறுபடி எழும்பின. தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த வயதான அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்.

நான் சிரித்தேன். "சீக்கிரம் முடிச்சுக்கோங்க தம்பி" என்றேன்.

அங்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பொம்பளை எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று.

அங்கிருந்து குப்பத்துக்கு வந்தோம். கரையில் எல்லாப் படகும் ஏற்றியே கிடந்தன. ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. மீன் விற்கும் இடம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அப்படி இருக்காது. பன்னிரண்டு வருஷம் வந்துபோனவளுக்கு அது உறைத்திருக்க வேண்டும். குப்பத்தில் ஒரு சாவு என்றால் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். எனக்குத் தோன்றியது, ஏதோ கூலித் தகராறு, இல்லை கடல் சரியில்லை என்று. இன்றைக்குப் பார்க்க ஒன்றும் இல்லையே என்று அவன் அலுத்துக்கொண்டான்.

சந்துக்குள் பத்தடி போனபோதுதான் மேளச் சத்தம் கேட்டது. ஷாமியானா தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீடு அக்கா வீடு.

ஆறு பேரையும் சந்து முனையிலேயே நிற்கச் சொன்னேன். இது எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுச் சாவு, நான் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன், யாரும் உள்ளே வர வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். அப்போதும் எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். இட்லிக் கடையில் போய் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

ஐஸ் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். முதல் நாள் மாலை நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார் என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். அக்கா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் தரையில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து அவரோடு பேசி அழ ஆரம்பித்தாள். திட்டினாள், கெஞ்சினாள், மறுபடி திட்டினாள்.

என்ன சொல்லி அழுதாள் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நானும் அவனும் ஒன்று.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது, அந்த வயதான தம்பதி சந்து முனையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றிருந்தார்கள். பெங்களூர்ப் பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள். அவன் மட்டும் அங்கே இல்லை. வாசலில் நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். படம் எடுத்தாயா என்று கேட்டேன். சும்மா மேளத்தை மட்டும் எடுத்தேன் ஆன்ட்டி என்றான். நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

எட்டாவது நாள் அக்காவின் மகள் போன் செய்தாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவாள். அன்றைக்கு எந்த முறையும் சொல்லவில்லை. அப்பா போனபிறகு அன்றுதான் முதல் நாளாக வேலைக்குப் போயிருக்கிறாள். வார்டில் ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்தவர்கள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போனிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்திருக்கிறது.

அவள் அழவில்லை. ரொம்ப நிதானமாகப் பேசினாள். "உங்க முதுகு அதுல கீது. நீங்கதான் இட்டாந்தீங்களா?"

ஆமாம் என்றேன். எடுக்கக் கூடாது என்று சொன்னேன், எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் அந்த வீடியோவைப் பார்த்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பிலேயே கிடந்தது. என் நாத்தனார் போட்டிருந்தாள், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி இரண்டோடு. கீழே மூன்று பேர் அதே மூஞ்சியைப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும் ஊரில் சாவு விழுந்தால் மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்கள்தான். என் அப்பா இறந்தபோது இதே நாத்தனார் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை, அதனால் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. நான் குரூப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன்: அந்தப் பச்சைப் புடவை நான்தான். யாரும் பதில் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சித்தப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டார்.

வீட்டுக்காரர், இதையெல்லாம் பெரிசுபடுத்தாதே, நாலு நாளில் வேறொன்று வரும், மறந்துவிடுவார்கள் என்றார். பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்கள். அக்கா எப்படி மறப்பாள் என்று கேட்டேன். அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நடைக்குப் பெயர் பதிவு செய்தபோது அவன் கொடுத்த நம்பர் என்னிடம் இருந்தது. நேரில் பேச வேண்டும் என்றேன். உடனே சரி என்றான். என் நடையைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறான், அவனே அப்புறம் சொன்னான். பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னான். சாயங்கால நேரம், எல்லா மேஜையிலும் ஆள். ஏசியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதை எடுத்துவிடு என்றேன். அவன் ஆச்சரியப்பட்டான். அதில் என்ன தப்பு என்று நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நம்ம கல்ச்சரைத்தான் காட்டுகிறேன், இதெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, பதிவு செய்கிறேன் என்றான். தெருவில் நடந்ததுதானே, தெரு எல்லாருக்கும் பொது என்றான். சிரிக்கிற மூஞ்சி எதற்கு என்று கேட்டேன். அது போட்டால்தான் பார்ப்பார்கள் என்றான். வேண்டுமானால் அந்தக் குடும்பத்துக்கு உதவி கேட்டு இன்னொரு வீடியோ போடுகிறேன், நல்ல ரெஸ்பான்ஸ் வரும் என்றான்.

என்னோடு வந்து அவர்களிடமே கேள் என்றேன். வேலை இருக்கிறது என்றான்.

நான் என் போனை எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்தேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். அந்த வீடியோவை ஓடவிட்டேன்.

அக்காவின் குரல் அந்தக் கடை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜைப் பேச்சு நின்றது. காபி கொண்டுவந்த பெண் ட்ரேயோடு அப்படியே நின்றாள். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோ முடிந்தது. தானாகவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் கையை மேஜைமேலிருந்து எடுக்கவில்லை.

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஆன்ட்டி, நிறுத்துங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"உன்னைப் பாக்கறாங்க. ரெண்டு நிமிஷம்தானே ஆச்சு" என்றேன். "அவளை எட்டு நாளாப் பாக்கறாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் நான் சிரிக்காமல் பேசினேன். அவன் அங்கேயே உட்கார்ந்து அதை நீக்கினான். நீக்கியதை எனக்குக் காட்டினான். மன்னிப்புக் கேட்டான், என்னிடம். என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவன் நீக்கியதோடு முடியவில்லை. அதற்குள் யார் யாரோ எடுத்துவைத்திருந்தார்கள். ஒருவன் அந்த அழுகையின் நடுவில் குத்துப்பாட்டு மெட்டைச் சேர்த்திருந்தான். எத்தனையோ பேருக்குத் தனித்தனியாக எழுதிக் கேட்டேன். சிலர் எடுத்தார்கள். சிலர் என்னையே கேலி செய்து பதில் எழுதினார்கள். இப்போதும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு குப்பத்து ஊர் நிர்வாகத்தார் கூப்பிட்டனுப்பினார்கள். வலை பின்னுகிற கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முகத்துவாரத்தில் நான் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கத்தவில்லை. நடுவில் இருந்தவர் சொன்னார்: "நீங்க வரலாம்மா, மீன் வாங்கலாம். கூட்டத்த இட்டுக்கினு வராதீங்க. நாங்க ஒண்ணும் பொருட்காட்சி இல்ல." சரி என்று எழுந்தேன். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவைப் பார்க்க முடியவில்லை. மணலில் அவள் இடம் காலியாகவே கிடந்தது. மீன் வாங்க வருகிறவர்கள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களாம். பஸ்ஸில் ஒருத்தி, நீங்கள்தானே அது என்று கேட்டு, கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றாளாம். பாலவாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். அங்கேதான் விற்கிறாள், தங்கை பக்கத்தில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு.

நான் போனேன். பாலவாக்கம் கடற்கரையில் அவளைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மீனை வெட்டிக்கொண்டே இருந்தாள். வாங்க வந்த இரண்டு பேர் போகும்வரை நான் நின்றேன். அப்புறம் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையால் தடுத்துவிட்டாள்.

"அவர நா திட்னது அவருக்கும் எனக்கும் நடுவுல" என்றாள். "முப்பது வருசமாத் திட்னேன். அவரும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. கடைசியா ஒரு வாட்டி திட்னேன். அது ஊருக்கு இன்னாத்துக்கும்மா?"

அவள் கத்தியைத் துடைத்தாள். மகள் இப்போதெல்லாம் போனைப் பார்க்கவே பயப்படுகிறாள் என்றாள். நான் கிளம்பும்போது எனக்கு மீன் எதுவும் போட்டுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுதட்டுமா என்று பல மாதம் கழித்து அவளைக் கேட்டபோது, பேர் போடாதே என்றாள். போடவில்லை. யார் பேரையும் போடவில்லை.

நடையை நான் விட்டுவிடவில்லை. விட்டுவிட்டால் ஒழுக்கமாகத் தெரியும், ஆனால் எனக்குப் பிழைப்பு வேண்டும். மாற்றிக்கொண்டேன். குப்பத்துக்குப் போவதில்லை. பறவைகள் வருகிற மாதங்களில் முகத்துவாரத்துக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. குளத்தங்கரையில் கூடியதும் முதல் பத்து நிமிஷம் நான்தான் பேசுவேன். ஒரு வீட்டு வாசலைப் படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். குளப்படியில் யாராவது இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். கொண்டுவந்த பாட்டிலைக் கொண்டுபோங்கள். நீங்கள் விருந்தாளிகள், இது இவர்கள் குடியிருக்கிற இடம், நாளைக்கும் இருக்கப்போகிறவர்கள். சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஒருமுறை இரண்டு பேர் அங்கேயே திரும்பிப் போய்விட்டார்கள். இன்னொருவர், ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி மிரட்டுகிறார் என்று எழுதிப் போட்டார். ஆட்கள் குறைந்துவிட்டார்கள். குறையட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் நடை முடியும்போது போனை வெளியே எடுத்திருப்பதே இல்லை. பூக்காரியிடம் நின்று பேசுகிறார்கள். அவளும் பேசுகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் மகளிடமிருந்து போன் வந்தது. அந்த எட்டாவது நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அக்கா சில வாரங்களாகத்தான் குப்பத்துக்குத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு கூட்டம் வந்துகீது அத்தை" என்றாள். "அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க வருவீங்களா?"

ஆட்டோவில் போகும்போது அவள் அத்தை என்று சொன்னது என் காதிலேயே இருந்தது.

சந்து முனையில் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லார் கழுத்திலும் ஒரே நிற அட்டை. கையில் சின்னக் கொடியோடு ஒரு இளம்பெண் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரு வீட்டு ஜன்னலுக்குள் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ தலை சீவிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். உள்ளே போகக் கூடாது, ஊர் நிர்வாகம் சொல்லியிருக்கிறது என்றேன். இரைந்துதான் சொன்னேன்.

கொடி வைத்திருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "மேம், என்னைத் தெரியலையா? ரெண்டு வருஷம் முன்னால உங்க நடைக்கு வந்தேன். இந்த ரூட்டே நீங்க காட்டினதுதான். உங்களைப் பாத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் அன்றைக்குக் காட்டியதைத்தான் அவள் இன்றைக்குக் காட்டுகிறாள். வலைமேல் ஏறி நின்றவர்களை நான் சிரித்துக்கொண்டு பார்த்ததையும் சேர்த்துத்தானே அவள் கற்றிருப்பாள்?

"நான் காட்டினது தப்பு" என்றேன். அந்தப் பதினைந்து பேர் முன்னாலும் சொன்னேன். ஒருத்தியிடம் மட்டும் சம்மதம் வாங்கிவிட்டு ஊரையே காட்டினேன், அது தப்பு. பறவைகளைக் கிளப்பிவிட்டவனிடம் வேண்டாம் என்று சொல்லாமல் சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. பிறகு அக்காவின் பேரைச் சொல்லாமல், என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

அந்தப் பெண் கொடியைச் சுருட்டினாள். எல்லாரையும் கடற்கரைச் சாலைப் பக்கம் கூட்டிப்போனாள். போகும்போது சிலர் என்னிடம் தலையசைத்தார்கள். ஒருவர் மட்டும், காசு கொடுத்து வந்திருக்கிறோம், இந்தம்மா யார் தடுக்க என்று இரைந்துகொண்டே போனார். அவர் சாலையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்தார். எடுக்கட்டும் என்று அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்காவின் மகள் நர்ஸ் சீருடையில் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே திரும்பி, "அம்மா, போயிட்டாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அக்கா வெளியே வந்து, என்னைத் தாண்டி மணலுக்கு நடந்தாள். வெயில் ஏறிவிட்டது, பாதி மீன் இன்னும் விற்காமல் கிடந்தது.